பக்கத்தில் விட்டிருந்த இடம்

"அம்மா, அப்பா கல்லறை வேலிச் சாவி எங்க?"

மகன் கேட்ட விதத்திலேயே ரொட்டிக்காரம்மாவுக்குப் புரிந்துவிட்டது, விஷயம் வெளியே போய்விட்டது என்று. மாவு பிசையும் கையை அவள் நிறுத்தவில்லை. சாவி தொங்கும் ஆணி சுவரில் மொட்டையாக நின்றது.

"குழி வெட்டுறவர்கிட்ட குடுத்துட்டேன். இந்நேரம் பாதி வெட்டியிருப்பாரு."

"யாருக்கு?"

"தெரியாமலா இப்படி மூச்சிரைக்க ஓடி வந்திருக்க?"

மகன் நாற்காலியை இழுத்துப் போட்டான், உட்காரவில்லை. ஆலயக் குழுவின் செயலாளர் அவன். அடுப்பங்கரையிலும் கூட்டத்தில் பேசுவது போலத்தான் பேசுவான். "சாக்கடையில இறங்குறவனைக் கொண்டுபோய் எங்கப்பா பக்கத்துல படுக்க வைக்கப் போறீங்களா?"

"நீங்க இறங்கச் சொல்லித்தானேடா இறங்கினான்?"

அது உண்மை. மழையில் ஆலயத்தின் பின்புறச் சாக்கடை அடைத்துக்கொண்டது. ஞாயிறு ஆராதனைக்கு நாற்றம் வந்துவிடுமே என்று குழு பதறி, சனிக்கிழமையே இரண்டு ஆட்களை அனுப்பியது. அவர்களில் ஒருவனை, வேலை செய்யும்போதெல்லாம் சீட்டி அடிப்பதால், எல்லாரும் சீட்டிக்காரன் என்பார்கள். கூட இறங்கியவன் உள்ளே மயங்கி விழ, அவனைத் தோளில் தூக்கி மேலே தள்ளினான் சீட்டிக்காரன். தள்ளியவன் மேலே வரவில்லை. ஞாயிறு ஆராதனை எந்த நாற்றமும் இல்லாமல் நடந்தது.

கல்லறைத் தோட்டத்தின் நடுவே ஆளுயரச் சுவர் ஒன்று உண்டு. மேட்டுப் பக்கம் கடைக்காரர்கள், உத்தியோகக்காரர்கள். பள்ளத்துப் பக்கம் சாக்கடை வேலையும் குப்பை வேலையும் பார்த்தவர்கள். உயிரோடு இருக்கும்வரை ஒரே ஆலயம், ஒரே பாட்டு. செத்த பிறகு நடுவில் சுவர். இப்போது பள்ளத்தில் முழங்கால் அளவு தண்ணீர். வடிந்ததும் புதைக்கலாம், அதுவரை பிணவறையில் கிடக்கட்டும் என்றது குழு.

சீட்டிக்காரன் மனைவி வீட்டுப் பின்வாசலில் வந்து நின்று, "மேட்டுல ஒரு ஓரமா, சுவரை ஒட்டியாச்சும் குடுங்கய்யா" என்று செயலாளரிடம் கெஞ்சினாள். "குழு விதி இடம் குடுக்காதும்மா" என்றான் அவன். அடுப்படியில் நின்ற ரொட்டிக்காரம்மாவின் காதில் இரண்டும் விழுந்தன.

கணவர் போனதிலிருந்து ஞாயிறுதோறும், மேட்டில் சுவரை ஒட்டியிருந்த அவர் கல்லறையருகே உட்கார்ந்து, அடுப்பு புகைவது முதல் மருமகள் உப்பை அள்ளிப்போடுவது வரை அத்தனையும் கொட்டிவிட்டு வருவாள். அவர் பக்கத்தில், வேலிக்குள்ளே, ஓர் ஆள் படுக்கும் இடம் அவளுக்காகக் காத்திருந்தது. அந்த இடத்தை நினைத்தால் சாவுகூட அவளுக்குப் பயமாக இருந்ததில்லை. அதைக் கொடு என்று மனசுக்குள் குரல் கேட்டபோது, "வேற எதையாவது கேளுங்க ஆண்டவரே" என்று மல்லுக்கு நின்றாள். அவர் வேறெதையும் கேட்கவில்லை.

மருமகள் உள்ளேயிருந்து வந்தாள். "இரக்கப்பட வேண்டியதுதான் அத்தை. துணிமணி குடுங்க, சாப்பாடு அனுப்புங்க. படுக்கிற இடத்தைப் போய் யாராவது குடுப்பாங்களா?"

"குடுத்திருக்காங்களேம்மா. நம்ம ஆண்டவருக்குச் சொந்தமா கல்லறை இருந்துச்சா? யாரோ ஒருத்தர் தனக்குன்னு வெட்டி வச்சதைத்தானே குடுத்தாரு? அவரும் நம்மள மாதிரி யோசிச்சிருந்தா ஆண்டவரை எங்க வச்சிருப்பாங்க?"

ரொட்டிக்காரம்மா கையைக் கழுவிக்கொண்டு கிளம்பினாள்.

தோட்டத்து வாசலில் போதகர் குடையோடு நின்றார். நல்ல மனிதர், குழுவைக் கண்டால் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

"வேலிக்குள்ள குடும்பத்தாருக்கு மட்டும்தான்னு விதி இருக்கேம்மா. இவர் உங்களுக்கு என்ன உறவு?"

"தம்பி."

"தம்பியா?"

"நானும் அவனும் வாராவாரம் ஒரே அப்பாவைத்தானே கூப்பிட்டோம்? கூப்பிடச் சொன்னதே நீங்கதானே ஐயா?"

போதகர் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மழையில் நனைந்தபடியே முன்னால் நடந்தார்.

பெட்டி தூக்க ஆள் போதவில்லை. சீட்டிக்காரன் காப்பாற்றியவன், இன்னும் நடை தள்ளாட, ஒரு மூலையைப் பிடித்திருந்தான். குழுவினர் எட்டி நின்று வேடிக்கை பார்த்தார்கள். ரொட்டிக்காரம்மா காலியாக இருந்த மூலைக்குத் தோள் கொடுத்தாள். சற்று நேரத்தில் பாரம் குறைந்தாற்போல் இருந்தது. திரும்பிப் பார்த்தாள், பின்னால் மருமகள்.

"நீங்க இடுப்பு ஒடிஞ்சு படுத்துட்டா, அப்புறம் உப்பு கூடிப்போச்சுன்னு மாமாகிட்ட யாரு சொல்றதாம்?" என்றாள் மருமகள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

மண் மூடியதும் சீட்டிக்காரன் மனைவி காலில் விழப்போனாள். ரொட்டிக்காரம்மா அவளைத் தாங்கி நிறுத்தினாள். "விடும்மா. உன் புருஷன் உயிரைக் குடுத்தான். நான் வெறும் மண்ணைத்தான் குடுத்தேன்."

பிறகு ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு, சேலையைத் தூக்கிச் செருகி, சுவர்க் கோடியிலிருந்த இடைவெளி வழியாகப் பள்ளத்தில் இறங்கினாள். முழங்கால் தண்ணீரில் தட்டுத்தடுமாறி, கணவர் கல்லறைக்கு நேர் பின்னால், சுவரை ஒட்டிச் சேற்றில் குச்சியை ஊன்றினாள்.

மேட்டிலிருந்து மகன் சுவரைப் பிடித்து எட்டிப் பார்த்தான். "அங்க என்னம்மா பண்றீங்க?"

"எனக்கு இடம் பாக்குறேன்."

"விளையாடாதீங்க! உங்களைப் போய் அந்தப் பக்கமா?"

"ஏன்டா, இங்க இருக்கிறவங்க என்னைக் கடிச்சா தின்னுடுவாங்க?"

அவன் சுவர்மேல் இன்னும் எக்கினான். "நாளைக்கு நாங்க போய்ச் சேர்ந்தா எங்களை எங்க வைப்பாங்க? உங்ககூடவா, அப்பாகூடவா?"

ரொட்டிக்காரம்மா ஈரச் செங்கல்லில் உள்ளங்கையை வைத்து ஒரு தள்ளு தள்ளிப் பார்த்தாள்.

"ரெண்டு பேருகூடவும்தான். நடுவுல இது ஒண்ணுதானே நிக்குது? நீதானேடா செயலாளரு, கூட்டத்தைக் கூட்டு."