இல்லாத பஞ்சு

என் அக்கா தலையணைத் தொழிற்சாலையில் பஞ்சு நிரப்பும் அறையில் வேலை பார்த்தாள். நான் அடுத்த கூடத்தில் உறை தைப்பவள். இரண்டுக்கும் நடுவே கண்ணாடி அடைத்த சின்ன அறை; அதில் சூப்பர்வைசர் உட்கார்ந்திருப்பார்.

நிரப்பும் அறையின் தூசியை இழுத்து வெளியே தள்ளும் பெரிய விசிறி நின்று நெடுநாளாகியிருந்தது. அதைச் சரிசெய்யாமல் நிர்வாகம் குடிதண்ணீர் டிரம்மின் மேல் ஒரு பிஸ்கட் டப்பாவை வைத்தது. டப்பா நிறையத் தும்மல் மாத்திரை. சீட்டு இல்லாமல் எந்தக் கடையிலும் கிடைக்கிற மாத்திரைதான். மிட்டாய் எடுப்பதுபோல் எடுத்துக்கொள்வார்கள்.

"மேல பஞ்சு, கீழ மாத்திரை, நடுவுல நாம" என்பாள் அக்காவின் பக்கத்து மேசைக்காரி. ஓயாத வாய் என்பதால் அவளுக்கு வானொலி என்றே பெயர்.

ஒரு மாத்திரைக்கு அடங்கிய அக்காவின் தும்மல் பிறகு மூன்றுக்கும் அடங்கவில்லை. மூக்கொழுகலுக்கென்று அக்கா கடையில் ஒரு சிரப் வாங்கினாள். அரிப்பில் தூக்கம் கெட்டதால் இன்னொரு மாத்திரையும் வாங்கினாள்.

"வாய் காஞ்சு கெடக்குடி. கொஞ்சம் எச்சில் கடன் குடேன்" என்று என்னிடம் சிரித்தாள்.

அன்று சாப்பாட்டு இடைவேளையில் என் தோளிலிருந்து பஞ்சை எடுத்துப் போட்டாள். எங்களுக்குள் அது வழக்கம். ஒருத்தி மேல் ஒட்டியதை இன்னொருத்தி எடுப்போம், பேச்சுகூட நிற்காது. அடுத்து வானொலியின் முதுகில் எடுத்தாள்.

"எடும்மா, அப்படியே ரெண்டு பேன் இருந்தாலும் எடு" என்று வானொலி தலையைக் குனிந்து காட்ட, எல்லோரும் சிரித்தார்கள்.

பிறகு அக்கா வெறுங்காற்றில் எடுக்கத் தொடங்கினாள். விரல் நுனியால் கிள்ளி, உருட்டி, கீழே போட்டு, மறுபடி கிள்ளினாள். அங்கே பஞ்சே இல்லை. அவள் முகம் சிவந்து கொதித்தது. ஒரு சொட்டு வியர்வை கிடையாது. கண்ணின் பாப்பா அகல விரிந்திருந்தது.

"அக்கா, என்னைப் பாரு."

"அசையாதடி, கண்ணுக்குள்ள போயிடும்" என்று என் இமையருகே எதையோ கிள்ளினாள்.

கண்ணாடி அறைக்கு ஓடினேன்.

"சார், அக்காவுக்கு என்னமோ ஆயிடுச்சு. ஆஸ்பத்திரிக்குப் போகணும், கம்பெனி வண்டிய குடுங்க."

அவர் எழாமலே எட்டிப் பார்த்தார். "பஞ்சுதானே பொறுக்குறாங்க? தூசி ஒத்துக்கல. இன்னொரு மாத்திரை போட்டுட்டு உக்காரச் சொல்லு."

நான் தெருவுக்குப் போய் வாடகை வண்டியோடு வருவதற்குள், அவர் சொன்னபடி அந்த மாத்திரையும் அவள் வாய்க்குள் போயிருந்தது.

வழியிலேயே வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் இதயம் தாறுமாறாகத் துடித்து, பிறகு துடிக்கவே இல்லை.

டாக்டரம்மா அக்காவின் பையிலிருந்த மூன்று மருந்தையும் எடுத்துப் பார்த்தார். "மூணும் ஒரே சரக்குதாம்மா, சட்டைதான் வேற. தும்மல் மாத்திரைதானேன்னு நினைச்சுடுறாங்க. அளவு மீறினா மூளையைக் குழப்பும், இதயத்தையே நிறுத்திடும்."

டப்பாவின் மேல் இதை எழுதி ஒட்ட ஒருவருக்கும் தோன்றவில்லை. துக்கம் கேட்க வந்த சூப்பர்வைசர் சொன்னார்: "பாவம், அவங்களா அள்ளிப் போட்டுக்கிட்டாங்க. நாங்க யாரையும் கட்டாயப்படுத்தலையே." என் அக்கா ஏதோ ருசிக்குத் தின்று செத்தவள்போல.

நான் வேலைக்குத் திரும்பியபோது டப்பா அதே இடத்தில் தளும்ப நிறைந்திருந்தது. நிரப்பும் அறையிலிருந்து ஒரு பஞ்சு மூட்டையை இழுத்து, அந்தப் பக்கமிருந்த கண்ணாடி அறைக் கதவைத் திறந்து முட்டுக் கொடுத்தேன். கதவு திறந்தே நின்றது. எங்கள் தூசி அவர் மேசைக்கும் போனது.

"யாரு வச்சது இதை? எடு!" என்று எழுந்தவர் தும்மினார். தும்மிக்கொண்டே இருந்தார். ஒருத்தியும் மூட்டையைத் தொடவில்லை. வானொலி டப்பாவைக் கொண்டுபோய் நீட்டினாள்.

"ஒண்ணு போட்டுக்குங்க சார். கட்டாயமில்ல."

"சே, நான் இந்தக் கண்றாவியெல்லாம் போடறதில்ல!"

வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய் யாருக்கோ போன் செய்தார். சாயங்காலத்துக்குள் மெக்கானிக் வந்துவிட்டார். ஏணியில் ஏறி, விசிறியின் மூடியைக் கழற்றிப் பார்த்தார்.

"பெல்ட்டு அறுந்திருக்கு. வேற ஒண்ணுமில்ல" என்றார்.

மாட்டினார். விசிறி சுற்றியது. அக்காவின் மேசைக்கு மேல் மிதந்த தூசியெல்லாம் ஒரே பக்கமாக நகர்ந்து வெளியே போயிற்று. அவள் இருந்தவரை அந்த பெல்ட்டை மாட்ட ஒருவருக்கும் மனம் வரவில்லை.