கை படாத தண்ணீர்

கிரிசான்திமம் குளிர்பானப் பாக்கெட்டுகளை ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்துத் தட்டில் அடுக்கி, ஒவ்வொன்றின் முதுகிலும் உறிஞ்சுகுழல் ஒட்டியிருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றில் இல்லை. அதை உள்ளே வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தேன். பிஸ்கட்டும் உறையோடுதான். முறுக்குகூடக் கடை டப்பா, மூடியைச் சுற்றி ஒட்டிய டேப்பை நான் பிரிக்கவில்லை. மேசையில் இருந்த எதிலும் என் கை படவில்லை என்று பார்க்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும். அதற்காகத்தான் அத்தனை பாடு.

எங்கள் ஊர் சிலிபின் பக்கம் வந்து கலாதேவி என்று கேட்டுப் பாருங்கள், 'தேத்தண்ணிக்காரக்காவா' என்பார்கள். பள்ளிக்கூடக் கேண்டீனில் நான் லீவு போட்ட நாளில் வாத்தியார்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள் என்று கேள்வி. கோவில் திருவிழாவென்றால் அண்டா என் பொறுப்பு. ரகசியமெல்லாம் ஒன்றுமில்லை. தூளைப் போட்டுக் கொதிக்க விடக் கூடாது, அவ்வளவுதான். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் துணிவடியில் இருக்கும் தூள்மேல் ஊற்றி, மூடிபோட்டு, அதன் போக்கில் விட்டுவிட வேண்டும். முதலில் பச்சையாக ஒரு வாசம் வரும். அப்போது அவசரப்பட்டால் கெட்டது. கொஞ்சம் பொறுத்தால் வெல்லம் காய்ச்சுகிற வாசம் எழும்பும், அதற்குப் பிறகுதான் டின்பாலைத் தொட வேண்டும். இரண்டு குவளையிலும் மாற்றி மாற்றி ஆற்றும்போது நுரை கட்டுகிற அந்தச் சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்டாலே எனக்குப் பாதித் தலைவலி போய்விடும். ஆற்றி முடித்ததும் முதல் மடக்கை நான்தான் குடிப்பேன். எச்சில் என்று யார் சொன்னாலும் சரி, அது என் பங்கு.

அப்படிப்பட்டவள் அந்த ஞாயிற்றுக்கிழமை அடுப்பையே பற்ற வைக்கவில்லை. வரப்போவது செட்டியார் வீட்டு ஆட்கள். என் மகள் தினேஸ்வரியும் அவர்கள் வீட்டு யுவனேஸ்வரனும் ஒரே கிளினிக்கில் வேலை. இருவரும் பேசி முடிவெடுத்துவிட்டார்கள். பெற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துப் பேச வேண்டியதுதான் பாக்கி. யுவன் நல்ல பிள்ளை. எத்தனையோ தடவை வந்து என் அடுப்படியில் உட்கார்ந்து கிளாஸ் கிளாஸாகக் குடித்திருக்கிறான். ஆனால் ஆசைப்பட்டவன் குடிப்பது வேறு, அவனைப் பெற்றவள் குடிப்பது வேறு. எங்கள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்காத சனம் இன்னும் இந்த ஊரில் இருக்கிறது. வாயால் சொல்ல மாட்டார்கள். அதுதான் வித்தியாசம்.

சூடு கண்ட பூனை நான். சுங்கை சிப்புட் தோட்டத்தில் இருந்தபோது என் தங்கை பிரமிளாவைப் பார்க்க ஒரு கூட்டம் வந்தது. அவர்கள் செட்டியார்கூட இல்லை, எங்களைவிட இரண்டு படி மேலே என்று நினைத்துக்கொண்டவர்கள். நான்தான் தேத்தண்ணி போட்டேன். நன்றாகப் பேசினார்கள், சிரித்தார்கள், பிரமிளாவின் தலைமுடியைக்கூடப் புகழ்ந்தார்கள். வரும் வழியில்தான் குடித்தோம், வயிறு நிறைந்திருக்கிறது என்றார்கள். அவர்கள் போன பிறகு பார்த்தால் எல்லாக் கிளாஸிலும் ஊற்றியது ஊற்றியபடி, மேலே ஆடை படிந்து நின்றது. கொண்டுபோய் வாழை மரத்தடியில் கொட்டினேன். கொட்டும்போது எனக்கு அவர்கள்மேல் கோபம் வரவில்லை, என் கையைப் பார்க்கத்தான் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சத்தை இன்றைக்கும் என்னால் சொல்லி விளக்க முடியாது. என் மகளுக்கு முன்னால் அப்படி ஒரு வரிசைக் கிளாஸ் நிற்கக் கூடாது. அதைவிட பாக்கெட் மேல்.

அவர்கள் வந்தார்கள். யுவனின் அப்பா முருகப்பன் பெரிய உருவம், கலகலவென்ற பேச்சு. உட்கார்ந்த கையோடு என் வீட்டுக்காரர் கனகராஜிடம் லோரி, டயர், கோப்பெங் ரோட்டு நெரிசல் என்று ஆரம்பித்துவிட்டார். அம்மா புனிதவதி ஆச்சி சுங்குடிச் சேலையில் வந்திருந்தார். அதிகம் பேசவில்லை. தினேஸ்வரியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். நான் தட்டை நீட்டினேன். முருகப்பன் குழலைக் குத்தி ஒரே இழுப்பில் பாதியைக் காலி செய்தார். ஆச்சி பாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க கலா," என்றார். "நான் மத்தியானம் டீ குடிக்காமத்தான் வந்தேன். யுவன் ஒங்க தேத்தண்ணியச் சொல்லிச் சொல்லி என் கை டீயக் குறை சொல்றான்லா. அப்படி என்னதான் போடுறீங்கன்னு பாக்கணும்."

இது நடிப்பா, நிஜமா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. போட்டுக் கொண்டுவந்த பிறகு ஒரு மடக்கு உதட்டில் ஒற்றிவிட்டு வைத்துவிட்டால்? வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா?

"கேஸ் தீந்துருச்சு ஆச்சி," என்றேன். "காலையிலதான் ஹாபிஸ். ஞாயித்துக்கெழம, கேஸ் போடுற தவுக்கே கடையில ஆளு வரமாட்டான்."

கனகராஜ் திரும்பினார். முந்தின நாள் மாலை புது கேஸ் சிலிண்டரை, முழுத் தோங்கைத் தோளில் சுமந்து வந்து மாட்டியவரே அவர்தான். வாயைத் திறந்தார். என் முகத்தைப் பார்த்தார், பிறகு மேசையில் இருந்த டேப் பிரிக்காத முறுக்கு டப்பாவைப் பார்த்தார். "ஆமா, தீந்துருச்சு," என்று சொல்லிவிட்டுக் குனிந்து தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருடம் கூட இருந்த மனிதரை அப்படிப் பொய் சொல்ல வைத்தேன்.

அதோடு முடிந்திருந்தால் தேவலை. யுவன் எழுந்தான். "இதுக்கா ஆன்ட்டி. நம்ம பக்கத்துல ஒரு கடை தெறந்துதான் இருக்கு. வாசல்ல காடி நிக்குது, நான் போய் மாத்திட்டு வாரேன்." நான் வேண்டாம் வேண்டாம் என்று பின்னாலேயே ஓடுவதற்குள் அவன் அடுப்படிக்குள் போய்க் குனிந்து, குழாயைக் கழற்றி, காலித் தோங்கைத் தூக்குகிற அலட்சியத்தில் ஒற்றைக் கையால் பிடியை இழுத்தான். தோங் அசையவில்லை. அவன்தான் முன்னால் சாய்ந்தான்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவள் கதை கேட்டிருக்கிறேன். நான் அந்தப் பூசணிக்காயின் எதிரிலேயே நின்றேன். அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். எத்தனை தடவை அந்த இடத்தில் உட்கார்ந்து, 'இன்னும் கொஞ்சம் ஊத்துங்க' என்று கிளாஸை நீட்டியிருப்பான். அவன் கண்ணில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். புரிந்துகொண்ட முகம் அது. எனக்கு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது.

"பரவால்ல ஆன்ட்டி," என்று மெதுவாகச் சொன்னான். பிறகு மூச்சைப் பிடித்து, அந்த முழுத் தோங்கை நெஞ்சோடு அணைத்துத் தூக்கினான். கூடத்தின் வழியாக அதைக் காலித் தோங் போலவே தூக்கிக்கொண்டு நடந்தான். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"காலித் தோங்குக்கே இப்படி மூச்சு வாங்குறியேடா," என்று முருகப்பன் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

கார் போகும் சத்தம் கேட்டது. எங்கே போகிறான்? எந்தக் கடைக்காரன் முழுத் தோங்கை வாங்கிக்கொண்டு முழுத் தோங்கைத் தருவான்? சிலிபினைச் சுற்றிவிட்டு எங்காவது மரத்தடியில் நிறுத்தியிருப்பான். தினேஸ்வரி பின்னாலேயே அடுப்படிக்கு வந்தாள். அவளுக்கும் தெரிந்துவிட்டது.

"அவங்க பிரிச்சுப் பாப்பாங்கன்னு பயந்தியா?" என்று கிசுகிசுத்தாள். "அவங்க வர்றதுக்கு முன்னாடி நீயே பிரிச்சு வெச்சுட்டியேமா."

வாழை மரத்தடிக் கதையை அவளிடம் நான் சொன்னதே இல்லை. இருபத்தேழு வயதுப் பெண்ணுக்கு அந்தக் கூச்சம் ஒட்டக் கூடாது என்றுதான் சொல்லவில்லை. இப்போது பாக்கெட்டில் அடைத்துக் குழலோடு அவள் கையிலேயே கொடுத்திருக்கிறேன்.

யுவன் திரும்பி வந்தபோது வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தான். "கெடச்சுருச்சு," என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நேராக அடுப்படிக்குப் போய் மாட்டினான். அவன் எழுந்து திரும்புவதற்கும் ஆச்சி உள்ளே வருவதற்கும் சரியாக இருந்தது.

"என்னடா சட்டையில?"

வெள்ளைச் சட்டை. நெஞ்சில் திருநீறு இழுத்துக் கிடந்தது, அதன் நடுவே குங்குமம் சிவப்பாகத் தேய்ந்திருந்தது. ஆச்சி சேலைத் தலைப்பைக் குழாயில் நனைத்து, சின்னப் பிள்ளைக்குத் துடைப்பது போல அவன் சட்டையைத் துடைத்தார். இரண்டு இழுப்பு இழுத்தவரின் கை நின்றது. குனிந்து அடுப்புக்குக் கீழே பார்த்தார்.

அடுப்படியில் விளக்கேற்றினால் அடுப்புக்கும் தோங்குக்கும் பட்டை போட்டுப் பொட்டு வைப்பது என் வழக்கம். முந்தின நாள் புதுத் தோங் வந்ததும் மூன்று விரலால் பட்டை போட்டேன், நடுவில் குங்குமம் வைத்தேன். ஊரைச் சுற்றி வந்த அவசரத்தில் இந்தப் பிள்ளைக்கு அதைத் துடைக்கத் தோன்றவில்லை. கடையிலிருந்து இப்போதுதான் வந்ததாகச் சொன்ன தோங் நெற்றியில் பாதிப் பொட்டோடு நின்றுகொண்டிருந்தது. செட்டியார் வீட்டிலும் பொட்டு வைப்பார்கள். அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அவர் தோங்கைப் பார்த்தார். மகன் முகத்தைப் பார்த்தார். அங்கிருந்து கூடத்து மேசையில் குத்தாமல் கிடந்த தன் பாக்கெட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் முகம் கறுத்துவிட்டது. என்னைத் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். இல்லை, அவரும் வெட்கப்பட்டார். எங்கள் கையால் குடிக்காத சனத்தோடு நான் அவரையும் சேர்த்துவிட்டது அவருக்குப் புரிந்துவிட்டது.

"டீ போடுங்க கலா," என்றார்.

போட்டேன். தண்ணீர் கொதிக்கும்வரை அவர் கூடத்துக்குப் போகவில்லை. யுவனும் தினேஸ்வரியும் நழுவிவிட்டார்கள். தூள் அளவு எனக்கே மறந்துபோனது, கண்மட்டத்தில் போட்டேன். வெல்ல வாசம் வந்ததா என்று தெரியவில்லை, மூக்கு அடைத்திருந்தது. டின்பாலை ஊற்றி ஆற்றியபோது பாதி கையில் சிந்தியது. முதல் மடக்கை நான் குடிக்கவில்லை. நாங்கள் தினமும் குடிக்கிற கிளாஸில்தான் ஊற்றினேன், வேறு கிளாஸ் எடுக்கிற துணிச்சலும் எனக்கு இல்லை. நீட்டினேன்.

ஆச்சி வாங்கினார். ஊதவில்லை. வாசம் பிடிக்கவில்லை. நெருப்புச் சூட்டில் இருந்ததைத் உதட்டில் வைத்து மடமடவென்று கடைசிச் சொட்டுவரை குடித்தார், கோவிலில் சத்தியம் பண்ணுகிறவர் போல. கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. புறங்கையால் வாயைத் துடைத்துவிட்டுக் காலிக் கிளாஸை எனக்குத் தெரிகிற மாதிரி அடுப்பு மேடையில் வைத்தார்.

என் தேத்தண்ணியை யாரும் அப்படிக் குடித்ததில்லை. குடிக்காமல் வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். குடித்துக் காட்ட வேண்டியவராக ஒருத்தரை நான் ஆக்கி இப்போதுதான் பார்க்கிறேன். ஆசையாகக் குடிக்க வந்த மனுஷி. நாக்கு வெந்திருக்கும், என்ன ருசி தெரிந்திருக்கும்? வாழை மரத்தடியில் கொட்டிய அன்றைக்குக்கூட எனக்கு இவ்வளவு வெட்கமாக இருந்ததில்லை.

கூடத்தில் முருகப்பன் டயர் விலையைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆச்சி சுவரோரமிருந்த பிளாஸ்டிக் முக்காலியைக் காலால் இழுத்து, தோங்குக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். யுவன் வழக்கமாக உட்காருகிற இடம்.

"இன்னொண்ணு ஊத்துங்க," என்றார். "இத மெதுவா குடிக்கிறேன்."

துணிவடியில் புதுத்தூளைப் போட்டு மறுபடி தண்ணீரை ஊற்றினேன். மூடி வைத்தேன். இந்தத் தடவை நான் அவசரப்படவில்லை. பச்சை வாசம் வந்தது, போனது. டின்பாலை எடுத்தேன். குவளையைத் தலைக்கு மேலே தூக்கி ஊற்றினேன். ஆச்சி முகத்தை உயர்த்தி அந்த நீளத் தாரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.