மாசியில் வந்த மகன்

விக்கிக்குப் பொய் சொல்வதில் பதினொரு வருட அனுபவம் இருந்தது. ஆத்தூர்ப் பக்கம் வேப்பெண்ணெயை மூட்டுவலித் தைலம் என்று விற்றான். துறையூரில் ரேஷன் கார்டு திருத்தித் தருவதாகச் சொல்லி ஒரு தெருவையே வரிசையில் நிற்க வைத்துப் போட்டோ எடுத்தான். ஆனால் ஒரு குடும்பத்துக்குப் பிள்ளையாகவே போய்விடலாம் என்ற யோசனை, பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்தபடி செல்போனில் ஒரு வீடியோ பார்த்தபோதுதான் வந்தது.

வீடியோவில் மருதாயி என்ற அம்மாள் அழுதுகொண்டிருந்தாள். ஆண்டிமடத்துக்குப் பக்கத்து ஊர். இருபத்திரண்டு வருடத்துக்கு முன் பூலாம்பாடியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, இதே பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறிய நேரத்தில் ஆறு வயது மகன் திருமுருகனைத் தொலைத்துவிட்டாள். புருஷன் அமாவாசை அந்த ஏக்கத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

"வலது முட்டியில அருவா பட்ட தழும்பு இருக்கும்யா. டிராக்டர டாக்டருன்னுதான் சொல்லுவான். நாலு ஏக்கர் முந்திரிக்கொல்ல அவனுக்காவத்தான் கெடக்குது" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

நாலு ஏக்கர் என்ற இடத்தை விக்கி இரண்டு தடவை கேட்டான். அவன் வலது முட்டியில், போன வருடம் பைக்கில் விழுந்த தழும்பு ஏற்கெனவே இருந்தது. கடவுளே பார்த்து வழி விடுகிறார் என்று எடுத்துக்கொண்டான்.

மாசிக் கடைசியில் போய் இறங்கினான். மருதாயி முந்திரி மரத்தடியில் செத்தை கூட்டிக்கொண்டிருந்தாள். பத்தடி தள்ளி நின்று, பழகி வைத்திருந்த குரலில், "அம்மா" என்றான்.

அவள் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு வந்தாள். முகத்தைப் பார்ப்பாள் என்று நினைத்தான். அவளோ குனிந்து அவன் பேண்டை ஏற்றி முதலில் இடது முட்டியைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். துக்கத்தில் கிழவிக்கு இடம் வலம் தெரியவில்லை என்று விக்கி நினைத்து, தானே வலது காலை முன்னால் வைத்தான். தழும்பைக் கண்டதும் அவள் பெருங்குரலெடுத்து அழுதாள்.

"எஞ்சாமி! வந்துட்டியாடா!"

ஊர் கூடியது. அத்தைகள் என்று நாலு பேர் நெட்டி முறித்தார்கள். காது அப்படியே தாய்மாமன் காது என்றாள் ஒருத்தி. நடை அமாவாசை நடை என்றாள் இன்னொருத்தி. அவன் அதுவரை ஓர் அடிகூட நடக்கவில்லை. பக்கத்துக் கொல்லைக்காரர் வைரக்கண்ணு மட்டும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இந்த வருசம் கொஞ்சம் ஒசரமா வந்துருக்கான்" என்றார். ஆள் கொஞ்சம் கிறுக்கு போல என்று விக்கி விட்டுவிட்டான்.

அன்று நாட்டுக்கோழி அடித்தார்கள். திருமுருகன் தொலைந்த பிறகு பிறந்த தங்கை பரிமளா, அரியலூரில் காலேஜ் படிப்பவள், இலை போட்டு, "நல்லா சாப்புடுண்ணே, தெம்பு வேணும்ல" என்றாள். எதற்குத் தெம்பு என்று அவன் கேட்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் அவன் கையில் துரட்டியும் சாக்கும் இருந்தன.

"ஒங்கொல்ல சாமி. இனிமே நீதான் பாத்துக்கணும்" என்றாள் மருதாயி.

முந்திரி பார்க்கத்தான் சாதுவான மரம். கிளைக்கு அடியில் முதுகை வளைத்தே நாளெல்லாம் நடக்க வேண்டும். உதிர்ந்த பழத்தைப் பொறுக்கி, கொட்டையைத் திருகி எடுத்து, வெயிலில் காயப்போட்டு, மழை மேகம் தெரிந்தால் அள்ளி, மேகம் போனால் மறுபடி பரப்ப வேண்டும். ஒரு வாரத்தில் விக்கியின் விரல் நுனியெல்லாம் தோல் உரிந்தது. பதினொரு வருடத்தில் அவன் உடம்பு இப்படி ஓர் அவமானத்தைச் சந்தித்ததில்லை.

"கூலிக்கு ரெண்டு ஆளு வெச்சிக்கலாமேம்மா?"

"சொந்தப் புள்ள கல்லு மாரி இருக்கயில ஆளு வெச்சா ஊரு சிரிக்காதா சாமி?"

"சின்னப்புள்ளயிலயே நீ ஒண்டியா ஒரு மரத்துக் காயெல்லாம் எறக்கிருவியாம்ல, அம்மா சொல்லும்" என்றாள் பரிமளா. ஆறு வயதுப் பையன் எப்படி இறக்குவான் என்று கேட்கும் உரிமை அவனுக்கு இல்லை. "ஆமா, லேசா ஞாவகம் இருக்கு" என்றான்.

பங்குனி நடுவில் கை வீங்கிப்போய், வலி பொறுக்காமல், "அம்மா, டாக்டர வரச் சொல்லும்மா" என்று கத்தினான். மருதாயி ஓடினாள். அரை மணி நேரத்தில் ஒரு டிராக்டர் வந்து நின்றது. "ஒலகமே மாறிப்போனாலும் எம்புள்ள பேச்சு மாறல பாருங்க" என்று அவள் டிரைவரிடம் பூரித்துப்போனாள். வந்த வண்டியைச் சும்மா அனுப்புவானேன் என்று பதினெட்டு மூட்டையையும் அவனையே ஏற்றச் சொன்னாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் வைரக்கண்ணு பெருமூச்சு விட்டார். "ஆளே கெடக்காத காலத்துல மருதாயிக்குக் கொடுப்பனய பாரு. எனக்குந்தான் மூணு புள்ளைவோ. ஒண்ணாவது தொலஞ்சிருக்கக் கூடாதா?"

பத்திரப் பேச்சை எடுத்தால் மருதாயி ஒரே பதில் சொன்னாள். "எழுதிடுவோம் சாமி. காயும் கொட்டையுமா நிக்கயில கைமாத்துனா கொல்லைக்கு ஆவாது. சித்திர முடியட்டும்."

ஓடிவிடலாம் என்று இரண்டு தடவை பையை எடுத்தான். நாலு ஏக்கரை நினைத்துக் கீழே வைத்தான். அது மட்டும்தானா என்று அவனுக்கே சரியாகத் தெரியவில்லை. மத்தியான நேரத்தில் மருதாயி அவன் கையை மடியில் வைத்துக்கொண்டு விரல் விரலாகத் தேங்காயெண்ணெய் தடவுவாள். அந்த நேரத்தில் அவள் எதுவும் பேச மாட்டாள். அத்தை வீட்டுக் கொட்டகையில் வளர்ந்தவன் விக்கி. இதற்கு எப்படி முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியாமல் மரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

சித்திரை முடிந்தது. கடைசி மூட்டையும் போனது. விக்கி முகம் மழித்து, வெள்ளை வேட்டி சட்டையில் வந்து நின்றான்.

"ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போவலாமாம்மா?"

"ஒக்காரு" என்றாள் மருதாயி. "ஒம்பேரு என்னா?"

"என்னாம்மா, திருமுருகன்."

"அத கேக்கல. ஒன்னயப் பெத்தவ வெச்ச பேரு."

பரிமளா வாசற்படியில் வந்து உட்கார்ந்தாள். மருதாயி குரலை உயர்த்தவே இல்லை.

"தழும்பு எடது முட்டியில. மொதவாட்டி உள்ளத உள்ளபடி எடதுன்னுதான் வீடியோவுல சொன்னேன். எடது முட்டியில தழும்போட ஒருத்தன் வந்தான். எட்டு மாசம் ஊட்டாத கொறயா சோறு போட்டேன். இவ கொலுசு, அவரு மோதரம், ஒண்ணு விடாம தூக்கிட்டு ஓடிட்டான். அதுக்கப்பறம் வலதுன்னு மாத்திச் சொன்னேன். மாசி பொறந்தா வீடியோ போடுவா இவ. வலது முட்டியக் காட்டிக்கிட்டு எவனாவது வருவான்."

"எத்தன பேரு?"

"ஒன்னோட அஞ்சு."

"ஆறும்மா. கும்மோணத்துக்காரன் ரெண்டே நாள்ல ஓடிட்டான், அவன வுட்டுட்ட" என்றாள் பரிமளா.

விக்கி எழுந்தான். "என்னய ஏமாத்திட்டீங்க! ரெண்டு மாசம் மாடு மாரி ஒழச்சிருக்கேன். சும்மா வுட மாட்டேன்" என்று நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனான்.

ஏட்டு பொறுமையாகப் பேனாவைத் திறந்தார்.

"பேரு?"

"திருமு... விக்கிங்க."

"மருதாயி வூட்டுல என்னா வேலயா இருந்த?"

"மகனா இருந்தேங்க."

ஏட்டு பேனாவை மூடினார். "மகன்னா கூலி கெடையாது. மகன் இல்லன்னா, நீ எதுக்கு அங்க போனன்னு நான் கேக்கணும். எத எழுதட்டும்? நீயே சொல்லு."

விக்கி அங்கிருந்த பானையில் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வெளியே வந்தான்.

பையை எடுக்கத் திரும்பியபோது மருதாயி முற்றத்தில் சாக்குகளை உதறி மடித்துக்கொண்டிருந்தாள். கத்த வேண்டும் என்றுதான் வந்தான். வேறு ஒன்று வாயில் வந்தது.

"நெசமாவே ஒங்க புள்ள வந்தா என்னா செய்வீங்க?"

அவள் கை நின்றது.

"யாரு வந்தாலும் மொதல்ல எடது காலத்தான் பாக்குறேன். ஒன்னுதையும் அப்படித்தான் பாத்தேன். பாக்குற வரைக்கும் நெஞ்சு அடிச்சிக்கும். இல்லன்னு தெரிஞ்சப்பறம் அழுவுறேன்ல, அது நெசந்தான். நீங்கள்லாம் என்னமோ நீங்க வந்ததுக்கு அழுவுறேன்னு நெனச்சிக்கிறீங்க."

கிளம்பும்போது பரிமளா பஸ்ஸுக்குப் பணமும் ஒரு பொட்டலம் முந்திரிப்பருப்பும் கொடுத்தாள். அவன் வாங்கிக்கொண்டு, போயிட்டு வரேன் என்று சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான் உறைத்தது.

ரோட்டு முனையில் வைரக்கண்ணு வழி மறித்தார். அவருடைய கொல்லையில் தாமதமாகப் பூத்த ஐம்பது மரம் அப்படியே நின்றது.

"தம்பி, ஒங்கையி முந்திரிக்குப் பழகிருச்சு. எங்கிட்ட வந்துடேன். கூலி என்னா கேக்குற?"

விக்கி யோசித்து ஒரு தொகை சொன்னான்.

"ஏயப்பா! மருதாயிகிட்ட மட்டும் சும்மா செஞ்ச?"

"அது அம்மாங்க" என்றான் விக்கி. "நீங்க யாரு எனக்கு?"

பேரம் படிய அரை மணி நேரம் ஆனது. வைகாசி முழுவதும் அவன் அந்த ஐம்பது மரத்தையும் இறக்கினான். சொன்ன கூலியில் ஒரு ரூபாய் குறைக்கவில்லை.