தின்னர் டப்பாவில் தண்ணீர்

என் சித்தி இரண்டு தடவை தேர்வில் தோற்றிருந்தாள். மூன்றாவது தடவையும் தோற்றால் குளிர் அறைக்கு மாற்றிவிடுவார்கள். உறைந்த மீனையும் இறைச்சியையும் அடுக்கும் இடம் அது. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கோட்டு போட்டுக்கொள்ள வேண்டும். பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது.

"நான் பேசறதெல்லாம் அங்க ஆவியாப் போயிடும்டி," என்றாள் சித்தி. "யார் கேக்கறது?"

நாங்கள் வேலை பார்ப்பது சரக்கு அனுப்பும் நிறுவனத்தில். பெயிண்ட், அதைக் கரைக்கிற தின்னர், வாசனைத் திரவியம், பேட்டரி என்று தீப்பிடிக்கவோ வெடிக்கவோ வாய்ப்புள்ள எல்லாம் எங்கள் பேக்கிங் கூடத்திலிருந்து விமானத்துக்குப் போகும். அவற்றைப் பெட்டியில் அடைக்கிறவர், லேபிள் ஒட்டுகிறவர், சரக்கு விவரத் தாளில் கையெழுத்துப் போடுகிறவர் எல்லோரும் பயிற்சி பெற்றுத் தேறியிருக்க வேண்டும். அது சட்டம். பயிற்சி கொடுப்பது நான். தேறும்வரை சித்திக்குச் சாதாரணச் சரக்கு கட்டுகிற வேலைதான்.

வேதியியல் படித்தவள் என்பதால் அந்த வேலையை என்னிடம் கொடுத்தார்கள். எனக்குக் குரல் எழும்பாது என்பது பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்தது. ஒரு மைக் வாங்கிக் கொடுத்தார்கள். அதில் என் மூச்சு மட்டும் நன்றாகக் கேட்டது. கூடத்தில் எனக்கு 'சத்தமில்லா மிஸ்' என்று பெயர். சித்தியை எல்லோரும் சித்தி என்றே கூப்பிட்டார்கள். நான் அப்படிக் கூப்பிட்டதைப் பார்த்துத் தொற்றிக்கொண்டது.

நான் தங்கியிருப்பதும் சித்தி வீட்டில்தான். அங்கே அவள் சொல்வதுதான் சட்டம். வகுப்பில் நான் சொல்வது சட்டம் என்பதை நாங்கள் இருவருமே முழுதாக நம்பவில்லை.

சித்திக்குப் பாடம் தெரியாமல் இல்லை. தேர்வாளரைப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். அவர் வெளி அலுவலகத்திலிருந்து வருகிறவர். காலையில் போட்ட சட்டை மாலைவரை கசங்காது. அதனால் கூடத்தில் அவர் பெயர் இஸ்திரி. முதல் தடவை அவர், "மூன்றாம் வகுப்பு என்றால் என்ன?" என்று கேட்டார். அபாயச் சரக்குப் பட்டியலில் அது எரியும் திரவம். அதைச் சொல்ல வேண்டும். சித்தி, "நல்லா இருக்கேன் சார்," என்றாள். இரண்டாம் தடவை அவர் கேள்வியை முடிப்பதற்குள், "நீங்க சாப்பிட்டீங்களா?" என்றாள். அவர் இல்லை என்று எழுதிக்கொண்டார். எந்தக் கேள்விக்கு என்று தெரியவில்லை.

இந்தத் தடவை செய்முறைத் தேர்வு. தினமும் போகும் தின்னர் பெட்டி ஒன்றைக் காலையில் தயாரித்து வைக்க வேண்டும். சாப்பாட்டுக்குப் பிறகு இஸ்திரி வந்து பெட்டியைப் பார்ப்பார், அதைப் பற்றிக் கேள்வி கேட்பார்.

பயிற்சி என்பதால் தகர டப்பாவில் தின்னருக்குப் பதில் தண்ணீர். மற்றதெல்லாம் நிஜம். சித்தி மூடியை அழுத்தி, வளையத்தைப் பூட்டி, தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தாள். டப்பாவைச் சுற்றி மெத்தை வைத்தாள். சிவப்புச் சாய்சதுர லேபிளை நாலு மூலையும் காற்றுப் புகாமல் ஒட்டினாள். எதிரெதிர்ப் பக்கங்களில் மேல்நோக்கிய அம்புக்குறி. வழக்கமாக வாங்குகிற வாடிக்கையாளரின் முகவரி. தாளை நிரப்பி, அடியில் கையெழுத்துப் போட்டு, உறையில் செருகினாள். பிறகு கொஞ்சம் தள்ளி நின்று, புதுமாப்பிள்ளையைப் பார்ப்பதுபோல் பெட்டியைப் பார்த்தாள்.

பயிற்சிப் பெட்டி என்றால் குறுக்கே பச்சை டேப் ஒட்டுவது எங்கள் வழக்கம். நான் டேப்பை எடுத்தேன்.

"ஏய், என்ன பண்றே?"

"பச்சை டேப், சித்தி."

"இவ்வளவு அழகா ஒட்டியிருக்கேன். குறுக்கால கட்டு போடறியே, அடிபட்டவன் தலை மாதிரி! அந்த மனுஷன் பாத்துட்டுப் போகட்டும், அப்புறம் ஒட்டிக்க."

"விதி சித்தி..."

"காலைல உனக்கு யாருடி தலை பின்னிவிட்டது?"

நான் டேப்பைக் கீழே வைத்தேன்.

சாப்பிட்டுவிட்டு வந்தபோது மேஜை காலியாக இருந்தது. இஸ்திரி மேஜைக்கு முன்னால் பேனாவைத் திறந்துகொண்டு நின்றார். நான் மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். சித்தி இஸ்திரிக்குப் பின்னால் போய்ப் பார்த்தாள், அவர் ஒளித்து வைத்திருப்பதுபோல.

லோடிங் மாமா வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். "என்ன தேடறீங்க? அந்தத் தின்னர் பெட்டியா? ஏத்தியாச்சே! சித்தி, சொல்றேன்னு நினைக்காதே, உன் கைவேலையில இதுதான் டாப்பு. ஒரு குறை சொல்ல முடியல. அப்படியே தூக்கி முன்னாடி வச்சேன். வண்டி இந்நேரம் ஏர்போர்ட்ல இருக்கும்."

பாராட்டைக் கேட்டுச் சித்தி சிரித்துவிட்டாள். பிறகுதான் விஷயம் உறைத்தது.

தின்னரைத் தண்ணீர் என்று சொல்லி அனுப்புவது குற்றம். தண்ணீரைத் தின்னர் என்று சொல்லி அனுப்புவதும் குற்றம். லேபிளை நம்பித்தான் விமானத்தில் எதன் பக்கத்தில் எதை வைப்பது என்று முடிவு செய்கிறார்கள், எங்காவது புகை வந்தால் எதைக்கொண்டு அணைப்பது என்று பார்க்கிறார்கள். ஒரு லேபிள் பொய் என்றால் மற்ற லேபிள்களையும் யாரும் நம்பமாட்டார்கள். இதை வாரத்துக்கு ஒருமுறை மைக்கில் மூச்சுவிட்டுச் சொல்லியிருக்கிறேன்.

விமான நிலையத்தின் சரக்குக் கவுண்டருக்கு போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"பெட்டி இல்லாமல் மதிப்பெண் இல்லை," என்றார் இஸ்திரி. அவர் எழுதுகிற மாதிரியே பேசுவார். "இன்று மாலையுடன் இங்கே என் வேலை முடிகிறது. எழுதிவிடட்டுமா?"

"எழுதாதீங்க சார்!" என்றாள் சித்தி. அவர் கேட்டதற்கு அவள் சொன்ன முதல் சரியான பதில் அதுதான். "பெட்டி இருக்கு. இங்க இல்ல, அவ்வளவுதான். வாங்க, காட்டறேன்."

இஸ்திரி ஏன் சம்மதித்தார் என்று இன்றுவரை தெரியாது. சித்தி அவர் பையைத் தூக்கிக்கொண்டு வேனை நோக்கி ஓடியது ஒரு காரணமாக இருக்கலாம்.

வேன் ஓட்டுபவரை ஒல்லி என்போம். மூன்று பேர் உட்காரும் முன் இருக்கையில் நாங்கள் நான்கு பேர். சித்திக்கும் ஒல்லிக்கும் நடுவில் இஸ்திரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வளைவுகளில் சித்தி அவர்மேல் சாய்ந்தாள். எதிர் வளைவுகளில் அவர் சித்திமேல் சாய்ந்து, மன்னிக்கவும் என்றார். நான் கதவோடு ஒட்டிக்கொண்டு மறுபடி போன் செய்தேன். மறுபடி மணி அடித்தது. எனக்குச் சிரிப்பு வர ஆரம்பித்தது. பயம் அதிகமானால் எனக்கு அப்படித்தான். சித்தி என் தொடையில் கிள்ளினாள். அவளுக்கும் வந்துவிட்டது. இருவரும் ஜன்னல் பக்கம் திரும்பிக் குலுங்கினோம்.

"ஏதும் பழுதா?" என்றார் இஸ்திரி.

"ரோடு சரியில்ல சார்," என்றாள் சித்தி. ரோடு கண்ணாடி மாதிரி இருந்தது.

கவுண்டரில் கனத்த மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு மேடம் இருந்தார். சித்தி வயதுதான் இருக்கும். அவருக்குப் பின்னால், தரையில் போட்ட மஞ்சள் கோட்டுக்கு அப்பால், எங்கள் பெட்டிகள் வரிசையாக நின்றன. முதலாவதாக நின்றது சித்தியின் பெட்டி. பக்கத்தில் போன் அடித்துக்கொண்டிருந்தது. நான்தான் இன்னும் அடித்துக்கொண்டிருந்தேன். நிறுத்தினேன்.

"அந்தப் பெட்டியைத் திருப்பிக் குடுங்க மேடம்," என்றாள் சித்தி.

"எந்தப் பெட்டி?"

"அழகா இருக்கே, அது."

மேடம் திரும்பிப் பார்த்தார். அழகாக இருப்பது எது என்று அவருக்கும் சந்தேகம் வரவில்லை. "அது செக் பண்ணி ஓகே ஆயிடுச்சும்மா. எல்லாம் சரியா இருக்கு."

"சரியா இல்ல மேடம். உள்ள தண்ணி."

"லேபிள்ல எரியும் திரவம்னு இருக்கு."

"லேபிள் சும்மா."

மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "லேபிள் சும்மாவா? நான் இங்க சும்மாவா உக்காந்திருக்கேன்? நூத்துக்கணக்கான ஜனங்க ஏறுற பிளேன்லம்மா போகுது. தண்ணின்னு நீ சொல்றே. தின்னர்னு உன் பெட்டி சொல்லுது. நான் பெட்டியை நம்புவேனா, உன்னை நம்புவேனா?"

"திறந்து காட்டறேன்."

"இங்க திறக்கக் கூடாது."

"ஆமா, திறக்கக் கூடாது," என்றாள் சித்தி. பாடம் தெரிந்தவள் அல்லவா. கோட்டுக்கு அப்பால் வைத்து எரியும் திரவப் பெட்டியைத் திறக்க யாருக்கும் அனுமதி இல்லை. எரியும் திரவம் இல்லை என்று காட்டுவதற்காகத் திறப்பது பற்றி விதி ஒன்றும் சொல்லவில்லை.

நான் வாயைத் திறந்தேன். "மேடம், நான்தான் பயிற்சி..." என்றேன்.

"என்ன?"

"பயிற்சி..."

"இந்தப் பொண்ணுக்கு உடம்பு சரியில்லையா?"

"அது பிறந்ததுலேர்ந்தே அப்படித்தான்," என்றாள் சித்தி. "சரி மேடம். பெட்டியில ஒரு தப்பு இருந்தா திருப்பிக் குடுத்துடுவீங்கல்ல?"

"ஒரே ஒரு தப்பு போதும். வெளிய தள்ளிடுவேன். காட்டு பாக்கலாம்."

சித்தி கோட்டருகே போய்க் குனிந்தாள். இஸ்திரி அவளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"லேபிள் மடங்கியிருக்கா? இல்ல. சைஸ் சின்னதா? இல்ல. அம்பு ரெண்டு பக்கமும் இருக்கு, அதுவும் எதிரெதிர்ப் பக்கம். சரக்கோட எண்ணு சரி. பேரு சரி, சுருக்காம எழுதியிருக்கேன். பழைய லேபிள் எதுவும் ஒட்டிக்கிட்டு இருக்கான்னு பாத்தா, புதுப் பெட்டி. ஈரம் இல்ல. மூலை நசுங்கல." அவள் குரல் ஏறிக்கொண்டே போனது. "டேப்பு நடுவுல ஓடுது. எவ்வளவு அகலம் வேணுமோ அவ்வளவு. உள்ளே மூடி, வளையம், கவிழ்த்துப் பாத்தாச்சு. மெத்தை, டப்பா ஆடாம. ஐயோ, என்னடி இது, ஒரு தப்பும் கிடைக்கலையே!"

"நான்தான் சொன்னேனே," என்றார் மேடம். "ரொம்ப நாளைக்கப்புறம் இப்படி ஒரு பெட்டி பாக்கறேன்."

"தேங்க்ஸ் மேடம்."

"சந்தோஷம். போய்ட்டு வாங்க."

தூரத்தில் ஒரு தள்ளுவண்டி எங்கள் வரிசையை நோக்கி வந்துகொண்டிருந்தது. சித்தி அதைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. கவுண்டரில் கையால் ஓங்கித் தட்டினாள்.

"தாள்ல கையெழுத்து யாருது?"

மேடம் உறையிலிருந்து தாளை உருவினார். "யாருது?"

"என்னுது! நான் இன்னும் பாஸ் ஆகல! ரெண்டு தடவை ஃபெயிலு! நல்லா கேட்டுக்குங்க, ரெண்டு தடவை!" அந்தக் கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் நன்றாகவே கேட்டுக்கொண்டார்கள். "தேறாதவ கையெழுத்துப் போட்டா தாள் செல்லாது. தாள் செல்லலைன்னா பெட்டி செல்லாது. தள்ளுங்க வெளிய!"

மேடம் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ஃபெயில்னு நீயே சொன்னா போதுமா? யார் சாட்சி?"

சித்தி இஸ்திரியைச் சுட்டினாள். "இவர்தான் பண்ணினார்!"

இஸ்திரி தன் அடையாள அட்டையைக் காட்டினார். "உண்மை. இரண்டு முறையும் நான்தான்." பிறகு தொண்டையைச் செருமினார். "ஆனால் மேடம், இப்போது இவர் சொன்ன பதில்களை வைத்துப் பார்த்தால்..."

"சார்!" சித்தி அவர் கையைப் பிடித்துவிட்டாள். "உங்களுக்குக் கோடிப் புண்ணியம் சார். என்னை இப்ப பாஸ் பண்ணிடாதீங்க! பாஸ் பண்ணினா கையெழுத்து செல்லும்னு இவங்க ஆரம்பிச்சிடுவாங்க!"

"செல்லுமே," என்றார் மேடம், ஆர்வமாக.

"செல்லாது," என்றேன் நான். மூன்று பேரும் திரும்பினார்கள். சத்தம் எங்கிருந்து வந்தது என்று எனக்கே புரியவில்லை. "கையெழுத்துப் போட்டப்ப தேறியிருக்கணும். காலைல தேறலை."

"அட, பேசுதே!" என்றார் மேடம்.

"ஆனாலும் ஒரு நிமிஷம் பொறுங்க சார்," என்றாள் சித்தி. "இவ சொல்றது சரியாத்தான் இருக்கும். நான் ரிஸ்க் எடுக்க மாட்டேன்."

இஸ்திரி வாயை மூடிக்கொண்டார். அவர் தோள்கள் லேசாக ஆடின. தள்ளுவண்டி கோட்டை நெருங்கியது. மேடம் அதைக் கைகாட்டி நிறுத்தி, தாளின் குறுக்கே 'நிராகரிக்கப்பட்டது' என்று முத்திரை குத்தினார். சித்தி கைதட்டினாள். நிராகரிக்கப்பட்டதற்கு யாரும் இவ்வளவு மகிழ்ந்து நான் பார்த்ததில்லை. வரிசையில் நின்றிருந்த யாரோ ஒருவரும் சேர்ந்து தட்டினார்.

"உங்க நிறுவனத்துக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வரும்," என்றார் மேடம்.

"வரட்டும் மேடம். என் பேருக்கு அனுப்பச் சொல்லுங்க," என்றேன். இரண்டாவது தடவையும் குரல் கேட்டது.

வெளியே வந்ததும் ஒல்லி வேன் கதவைத் திறந்தார். சித்தி பெட்டியோடு ஏறப் போனவள் சட்டென்று நின்றாள். "இந்த லேபிளோட வேன்ல வைக்கக் கூடாது. பொய் லேபிள்." பெட்டியைத் தரையில் வைத்தாள். நாங்கள் மூவரும் சுற்றி உட்கார்ந்து உரித்தோம். சித்தி நன்றாக ஒட்டியிருந்ததால் எளிதில் வரவில்லை. இஸ்திரி கார் சாவியால் சுரண்டினார். அவர் சட்டையில் முதல் தடவையாக ஒரு மடிப்பு விழுந்தது.

"முத்திரை குத்தி எவ்வளவு நேரம் ஆச்சு?" என்று சித்தி மெதுவாகக் கேட்டாள்.

"போதுமான நேரம்," என்றார் இஸ்திரி. பேனாவைத் திறந்தார். "ஒரே ஒரு கேள்வி. மூன்றாம் வகுப்பு என்றால் என்ன?"

சித்தி அவரைப் பார்த்தாள். வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, கவுண்டர் மேடத்திடம் கத்திய அதே குரலில் கத்தினாள். "எரியும் திரவம்!"

வண்டி நிறுத்தத்தில் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் அதை எறிந்துவிட்டு ஓடினார்கள்.

"தேர்ச்சி," என்றார் இஸ்திரி. எழுத ஆரம்பித்தார், முடிக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டிருந்தார். சத்தமே வராமல், கண்ணில் நீர் வழிய, லேபிள் துண்டு ஒட்டிய விரலால் துடைத்துக்கொண்டு சிரித்தார். "தேர்ச்சி, சித்தி," என்றார் மறுபடியும்.