திலகாவின் காதில் சொன்னது

பெஞ்சில் கிடத்தியிருந்த கணவன் மருதமுத்துவின் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டிருந்த பவானேஸ்வரியின் கை, வாசலில் திலகாவைக் கண்டதும் நின்றுவிட்டது. பின்னால் வரிசையில் நின்ற நாத்தனார், "தள்ளுங்க அண்ணி" என்று முதுகைத் தொட்ட பிறகுதான் நகர்ந்தாள்.

சாமியாடுகிறவளுக்குச் சாவு வீட்டில் என்ன வேலை? தீட்டுப் பட்டால் பதினாறு நாள் கோயில் படி மிதிக்க முடியாது. இன்று வெள்ளிக்கிழமை வேறு. சாயந்திரம் குறி கேட்க ஆட்கள் வந்து காத்துக் கிடப்பார்கள். அத்தனையையும் விட்டுவிட்டு வந்திருக்கிறாள் மகராசி.

மருதமுத்து நேற்றுக் காலை குளியலறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான். எழுந்திருக்கவில்லை. பவானேஸ்வரி இன்னும் ஒரு சொட்டு அழவில்லை. இவள் என்னடாவென்றால் கேட் அருகிலேயே தேம்ப ஆரம்பித்துவிட்டாள்.

பத்து வருஷத்துக்கு முன்னால், புக்கிட் ரம்பாய் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தவருக்குக் காதில் யாரோ திட்டுவது கேட்க ஆரம்பித்தது. பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு மாதாமாதம் லீவு போட்டு அழைத்துப் போனவள் பவானேஸ்வரி. டாக்டர் கேட்கும் கேள்விகளுக்கு அவர் தரையைப் பார்ப்பார், இவள் பதில் சொல்வாள். வீட்டில் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்திருந்து பின்வாசல் சாக்கடைக் கால்வாயில் துப்புவார். கெஞ்சினாள், சண்டை போட்டாள், மகளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று மிரட்டியும் பார்த்தாள். இரண்டு வருஷம் இதே கதைதான்.

பிறகுதான் கூட வேலை செய்தவர் ஒருவர் அவரை செம்பனைத் தோட்டத்து ஓரமாக இருக்கும் காளி கோயிலுக்கு அழைத்துப் போனார். அங்கே திலகா. மற்ற நாள்களில் கையுறைத் தொழிற்சாலையில் பேக்கிங், வெள்ளிக்கிழமை அவள்மேல் அம்மன். முதல் நாளே, "மாத்திரைய நிறுத்தாதடா மகனே, அதுலயும் நாந்தான் இருக்கேன்" என்றாளாம். அன்று வீட்டுக்கு வந்ததும் மருதமுத்து தானாகவே மாத்திரையைக் கேட்டு வாங்கி விழுங்கினார்.

வேறொருத்தி என்றால் கோயிலுக்குப் பொங்கல் வைத்திருப்பாள். பவானேஸ்வரிக்கு வயிறு எரிந்தது. டாக்டரிடம் சொல்லி அவர் அங்கே போவதை நிறுத்திவிடலாம் என்று பார்த்தாள். அந்த மலாய்க்கார டாக்டரோ, கோயிலுக்குப் போவது நல்லதுதான், மருந்தை மட்டும் விடாமல் இருந்தால் போதும் என்று சிரித்தார். டாக்டர் மேலேயும் கோபம் வந்தது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். ஆனால் மருதமுத்து குனிந்து திலகாவின் காதில் பேசுவதைக் காருக்குள் இருந்து பார்த்திருக்கிறாள். கால் மணி நேரம், சில நாள் அரை மணி நேரம். வீட்டில் அவர் பேசுவது, "சோறு போடு", "ஃபேன நிறுத்து". என்ன சொன்னீர்கள் என்று கேட்டால், "சாமிகிட்ட சொன்னது" என்று முடித்துவிடுவார்.

திலகா தலைமாட்டில் உட்கார்ந்து முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பவானேஸ்வரி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எட்டு வருஷமா உங்க காதுல என்ன சொன்னாரு?"

திலகா திகைத்துப்போய்ப் பார்த்தாள். "எனக்குத் தெரியாதுக்கா."

"அவரே போயிட்டாரு. இன்னும் யாருக்காக மறைக்கிறீங்க?"

"மறைக்கல லா, அக்கா. அம்மா எறங்கிட்டா எனக்கு ஒன்னும் தெரியாது. மலையேறின பெறகு கை காலு வலிக்கும், தண்ணி கேப்பேன். யாரு வந்தா, என்ன சொன்னா, பக்கத்துல நிக்கிறவங்க சொல்லித்தான் தெரியும். அண்ணன் காதுக்குள்ள சொன்னத யாரு கேட்டிருப்பா?"

"ஒரு வார்த்தகூடவா?"

"அம்மா மேல சத்தியம்க்கா. ஒரு வார்த்தகூட இல்ல."

பொய்யில்லை என்று பவானேஸ்வரிக்குப் புரிந்தது. பசார் மாலாம் இரவுச் சந்தையில் எதிரே இவள் வந்தால் வேறு வரிசைக்குத் திரும்பிப் போன எட்டு வருஷம். இவளிடம் ஒன்றுமே இல்லை. வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் உள்ளே ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. உனக்கும் தெரியாது.

அப்போதும் திலகாவின் கண்ணிலிருந்து வழிந்துகொண்டே இருந்தது.

"பின்ன எதுக்கு அழுவுறீங்க?"

"அதாங்க்கா தெரியல. அண்ணன்கூட நான் நின்னு பேசுனதே கெடையாது. வெளிய பாத்தா ஒரு வணக்கம், அவ்ளோதான். நேத்து ஃபேக்டரில சேதி வந்துச்சு. அதுலேர்ந்து நிக்கவே மாட்டேங்குது. சூப்பர்வைசரே வீட்டுக்குப் போன்னு அனுப்பிட்டாரு. நெனச்சுப் பாத்தா மனசுல ஒன்னும் இல்ல. கண்ணுல மட்டும் வந்துக்கிட்டே இருக்கு. வராம இருக்க முடியல."

பவானேஸ்வரியின் சந்தோஷம் போன இடம் தெரியவில்லை. இருபத்தாறு வருஷம் கூட வாழ்ந்த தன் கண் காய்ந்து கிடக்கிறது. எதைக் கேட்டுவிட்டு இவள் கண் இப்படி அழுகிறது? இவளுக்கே தெரியாமல் அவர் சொன்னது இவளிடம் இருக்கிறது. முன்னைவிட அதிகமாக எரிந்தது.

மகள் தாரணி துண்டோடு வந்தாள். "அம்மா, குளிப்பாட்டப் போறாங்க. நீங்க மொதல்ல தண்ணி ஊத்தணுமாம். வாங்க."

வழி விடுவதற்காகத் திலகா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழப் போனாள். பவானேஸ்வரி அவள் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"தொடைக்காதீங்க."

"அக்கா?"

"அழுங்க."

தாரணியை இருக்கச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, பவானேஸ்வரி திலகாவின் முகத்துக்கு நேராகத் திரும்பி உட்கார்ந்தாள். வெளியே வாளியில் தண்ணீர் நிறைந்து வழிந்தது, யாரோ குழாயை அடைத்தார்கள். அவள் மணிக்கட்டை விடவில்லை. ஒரு சொட்டு கன்னத்தில் இறங்கித் தாடையில் நின்று விழுந்தது. அடுத்தது வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.