முகம் எப்படி இருந்தது

நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தபோதுதான் பள்ளிவாசலிலிருந்து போன் வந்தது. என் கையெல்லாம் மீன். வீட்டுக்காரர் உசேன் போனை என் காதருகே பிடித்துக்கொண்டு நின்றார். சொல்தா வீட்டு, அதான் பிரெஞ்சுப் பட்டாளத்தார் வீட்டு, சபுரா விடிகாலையில் மவுத்தாகிவிட்டாள், சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம், குளிப்பாட்ட வர முடியுமா என்று மோதினார் கேட்டார். நான் ஒரு நெத்திலியின் தலையைக் கிள்ளி எறிந்தேன். அதற்கடுத்ததையும் கிள்ளினேன். போனைப் பிடித்திருந்த மனுஷனுக்குக் கை வலித்திருக்கும்.

"என்னா சொல்லட்டும்?" என்றார் உசேன்.

"வேற யாரு இருக்கா இந்தத் தெருவுல? வரேன்னு சொல்லுங்க."

எங்கள் தெருக்களில் பெண் மய்யித்தைக் குளிப்பாட்ட வேண்டும் என்றால் ஜஹபர் நிஷாவைக் கூப்பிடு என்பார்கள். கூலிக்குச் செய்கிற வேலை இல்லை இது. யாராவது ஒருத்தி செய்தாக வேண்டும், நான் செய்கிறேன். யாருக்கும் முடியாது என்று சொன்னதில்லை. சபுரா செத்தால் மட்டும் சொல்லிவிட வேண்டும் என்று பல வருடமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். காய்ச்சல் என்று படுத்துக்கொள்வதா, கோட்டக்குப்பத்துக்குக் கல்யாணத்துக்குப் போய்விடுவதா என்றுகூட யோசித்திருக்கிறேன். அந்த நாள் வந்தபோது வாய் தன்பாட்டுக்கு வரேன் என்றுவிட்டது. எனக்கு என் வாய்மேலேயே கோபம் வந்தது.

சபுரா என்ன செய்தாள் என்று எங்கள் தெருவில் யாரும் கேட்க மாட்டார்கள், எல்லோருக்கும் தெரியும். என் தங்கை ஃபரீஹாவுக்கு நிக்காஹ் நிச்சயமாகி, கைக்கு மருதாணியும் வைத்தாயிற்று. சபுரா மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், "பொண்ணுக்கு வலிப்பு இருக்குதே, உங்ககிட்ட சொன்னாங்களா?" என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டு வந்தாள். சின்னப் பிள்ளையில் கடுங்காய்ச்சலில் ஒரே ஒரு தடவை வெட்டி இழுத்தது, அவ்வளவுதான். மருதாணி கையோடு நிக்காஹ் நின்றது. அதன்பிறகு எந்த மாப்பிள்ளை வீட்டார் வந்தாலும் அவர்களுக்கு முன்னால் அந்த வார்த்தை வந்து உட்கார்ந்திருந்தது. ஃபரீஹாவுக்கு நாற்பது தாண்டிவிட்டது. எங்களோடுதான் இருக்கிறாள். தட்டாஞ்சாவடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பா கம்பெனியில் பேக்கிங் வேலை.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, அவள் வீட்டில் இருந்தாள். நான் புளி போட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தபோது, புர்கா மாட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"எப்பவும் உன்கூட வர்ற ஜைபு மாமி மருமவ கடலூர் போயிருக்காளாம். தண்ணி ஊத்த ஆளு வேணும்ல? நான் வரேன்."

"நீ வேணாம். நான் பாத்துக்கறேன்."

"நான் பாக்கணும்க்கா. வாயைக் கட்டியிருப்பாங்கல்ல? அதைப் பாக்கணும்."

அடிப்பாவி என்று திட்டியிருக்க வேண்டும். திட்டவில்லை. எனக்கும் அதே ஆசை இருந்தது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். மய்யித்தைக் குளிப்பாட்டுகிறவளுக்கு ஒரு சட்டம் உண்டு. நல்லதைப் பார்த்தால் சொல்லலாம், குறையைப் பார்த்தால் மறைத்துவிட வேண்டும். அழகான சட்டம்தான். ஆனால் எங்கள் தெருப் பெண்கள் அதை வைத்து வேறொரு வழக்கத்தை உண்டாக்கிவிட்டார்கள். குளிப்பாட்டி முடித்து நான் வெளியே வரும்போது வாசலில் காத்திருப்பார்கள். "முகம் எப்படி இருந்துச்சு?" என்பார்கள். வெளிச்சமாக இருந்தது என்று நான் சொன்னால், செத்தவள் நல்லவள், சொர்க்கத்துக்காரி. நான் பேசாமல் இருந்தால் எதையோ மறைக்கிறேன் என்று அர்த்தம். அன்று மாலைக்குள் மசூதித் தெருவிலிருந்து மார்க்கெட் வரைக்கும் தெரிந்துவிடும்.

நானும் ஒரு காலத்தில் முகத்தை நம்பினேன். பிறகு ஹாஜியார் வீட்டம்மாவைக் குளிப்பாட்டினேன். நோன்பு மாசம் முழுக்க எத்தனையோ வீட்டுக்குக் கஞ்சி கொடுத்த கை அது. கிட்னி போய், முகம் வீங்கிக் கறுத்து, பார்க்கவே முடியவில்லை. சட்டப்படி மறைத்தேன், வாயைத் திறக்கவில்லை. மறைத்ததே செய்தியாகிவிட்டது. அதே மாசத்தில், மருமகளுக்குச் சூடு வைத்த ஒருத்தி தூக்கத்தில் செத்துப் பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு கிடந்தாள். நோய் எப்படியோ முகமும் அப்படி. இது புரிந்த பிறகும் வாசலில் அந்தக் கேள்வி நிற்கத்தான் செய்தது, நானும் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.

ஆகவே சபுரா வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் எனக்கு ஒன்றே ஒன்றுதான் மனசில் ஓடியது. இன்றைக்கு நான் ஒன்றுமே செய்ய வேண்டாம். வெளியே வந்து ஒரு பெருமூச்சு விட்டுத் தலையைக் குனிந்துகொண்டால் போதும். பொய் சொன்ன குற்றம் வராது. சட்டத்தை மீறிய குற்றமும் வராது. ஃபரீஹாவுக்குச் சபுரா என்ன செய்தாளோ அதை நான் சபுராவுக்கு, ஒரு வார்த்தைகூடச் செலவழிக்காமல் செய்துவிடலாம். அல்லாஹ்வே எனக்காக இப்படி ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறான் என்றுகூடத் தோன்றியது. தோன்றியதை மறைப்பானேன், சந்தோஷமாக இருந்தது.

கொல்லையில் நாலு பக்கமும் சேலை கட்டி மறைத்திருந்தார்கள். பெஞ்சின்மேல் சபுரா. மகள் மரீஹா அழுது அழுது இரண்டு தடவை மயங்கிவிட்டாளாம், அவளை வாசலிலேயே உட்கார வைத்திருந்தார்கள். உள்ளே நானும் ஃபரீஹாவும் மட்டும். இலந்தை இலை போட்ட வெந்நீர் ஒரு அண்டாவில், கற்பூரத் தண்ணீர் ஒரு வாளியில். முகத்துத் துணியை விலக்கினேன். தாடையைச் சேர்த்துத் தலைக்குமேல் முடிச்சுப் போட்டிருந்தார்கள். முகத்தில் வெளிச்சமும் இல்லை, இருட்டும் இல்லை. ரேஷன் கடை வரிசையில் நின்று களைத்துப்போன பொம்பளையின் முகம்.

ஃபரீஹா குனிந்து அந்த வாயையே பார்த்தாள். ஏதாவது சொல்வாள் என்று பயந்தேன். "இவ்ளோ சின்ன வாயாக்கா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு சொம்பை எடுத்துக்கொண்டாள்.

கையில் துணி சுற்றிக்கொண்டு நான் தேய்க்க, அவள் ஊற்றினாள். வலப்பக்கம், இடப்பக்கம். காலுக்கு வந்து போர்வையை விலக்கியபோது இரண்டு பேரும் அப்படியே நின்றுவிட்டோம். கால் விரல்களில் சிவப்பு நகப் பாலிஷ்.

எங்களில் நகப் பாலிஷ் போட்டால் நகத்தில் தண்ணீர் படாது, தொழுகைக்கு முன் கைகால் கழுவுகிற ஒளு நிறைவேறாது, ஒளு இல்லாவிட்டால் தொழுகை கூடாது. பேரப்பிள்ளை எடுத்த விதவை, காலில் சிவப்பு பாலிஷோடு செத்துப்போயிருக்கிறாள். தொழாதவளாகவே போய்விட்டாள் என்று தெரு சொல்லும். ஊரார் தொழுகையையும் ஒழுக்கத்தையும் எடைபோட்டுக்கொண்டிருந்த சபுராவா! முகத்தில் கிடைக்காதது காலில் கிடைத்தது.

"அசிட்டோன் இருந்தா ஒரு நிமிஷத்துல போயிடும்," என்றேன். "மரீஹாகிட்ட கேளு. இல்லன்னா ஃபேன்சி ஸ்டோருக்கு யாரையாவது அனுப்பச் சொல்லு."

ஏன் கேட்கச் சொல்கிறேன் என்று எனக்குத் தெரியும். மய்யித்து வீட்டிலிருந்து அசிட்டோன் கேட்டால், எதற்கு என்று வாசல் பூராவும் தெரிந்துவிடும். நான் யாரிடமும் எதுவும் சொன்னதாக ஆகாது.

ஃபரீஹா அசையவில்லை. சபுராவின் சுண்டு விரலைப் பிடித்து உற்றுப் பார்த்தாள். "அக்கா, இங்க பாரு. நகத்துல பாதி, சதையில பாதி. இது கொழந்த போட்டது."

பார்த்தேன். உண்மைதான். பாலிஷ் நகத்தைத் தாண்டி வழிந்து, இரண்டு விரலுக்கு நடுவில் எல்லாம் ஒட்டியிருந்தது. ஒரு காலில் கடைசி இரண்டு விரலுக்குப் போடவே இல்லை, பிள்ளைக்கு அலுத்துப்போயிருக்கும். மரீஹாவின் மகள் யூ.கே.ஜி. படிக்கிறாள். அவள் முன்னால் இந்தப் பொம்பளை காலை நீட்டிக்கொண்டு ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

"யாரையும் கேக்க வேணாம்," என்றாள் ஃபரீஹா. வெந்நீரில் துணியை நனைத்து அந்த விரல்களில் சுற்றி வைத்தாள். ஊறியதும் தன் கட்டைவிரல் நகத்தால் சுரண்ட ஆரம்பித்தாள். தோல் கீறிவிடாமல், ஒவ்வொரு விரலாக. டப்பா மூடிகளில் பிசிறு எடுத்துப் பழகிய கை அது. அஸருக்கு நேரம் ஆகிறது என்று நான் முணுமுணுத்தேன், அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. நான் சும்மா நின்றேன். நன்மையையும் தீமையையும் அரிசி, கல் என்று பிரித்து வைத்திருந்தவள் நான். எனக்குக் கிடைத்த வாசலை யார் திறந்துவிட்டது என்று இப்போது சந்தேகமாகிவிட்டது. வாய் திறக்காமல், சட்டம் மீறாமல், கையில் கற்பூர வாசத்தோடு ஒருத்தியைக் கொல்லப் பார்த்திருக்கிறேன். செத்தவளை இரண்டாம் தடவை. வெட்கமாக இருந்தது. கோபமும் அப்படியே இருந்தது, அது எங்கேயும் போகவில்லை.

தலைமுடியைப் பின்னிப் பின்னால் விட்டு, கபன் துணி சுற்றி, அத்தர் தடவி முடித்தோம். சேலையை விலக்கி வெளியே வந்தேன். வாசல் நிறையப் பெண்கள். முன்னால் ஜைபு மாமி, பல்லில் பாக்கை ஒதுக்கிக்கொண்டு.

"நிஷா, முகம் எப்படி இருந்துச்சு?"

சுவரோரம் மரீஹா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் மூச்சை இழுத்தேன். அது பெருமூச்சாகிவிடுமோ என்று பயந்து பிடித்துக்கொண்டேன்.

எனக்கு முன்னால் ஃபரீஹாவின் குரல் வந்தது. "நல்லா இருந்துச்சு மாமி. வெளிச்சமா இருந்துச்சு."

சபுராவுக்கு நல்ல வார்த்தை சொல்ல இந்த ஊரிலேயே கடைசி ஆள் ஃபரீஹாதான். ஜைபு மாமி அவளை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். தெருவில் செல்லுபடியாவது என் வார்த்தை.

"ஆமா மாமி," என்றேன். "வெளிச்சமா இருந்துச்சு."

மரீஹா எழுந்து ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். காதருகே குனிந்து, "அக்கா, அம்மா கால்ல... அது வந்து, நேத்து..." என்று ஆரம்பித்தாள். அவள் என்ன சொல்ல வந்தாளோ, எனக்குக் கேட்க வேண்டாம் என்றிருந்தது. கேட்டால் மறுபடியும் தீர்ப்புச் சொல்லத் தோன்றும்.

"என்னா கால்ல? ஒண்ணும் இல்லியே. போ, போய் அம்மாவைப் பாரு."

மய்யித்து வைத்த சந்தூக்கைத் தூக்குவதற்கு முன் மருமகன் முஹம்மது ஆரிப் வாசலில் நின்று குரலை உயர்த்தினான். "மாமி யாரு மனசையாவது நோகடிச்சிருந்தா, அல்லாவுக்காக பொறுத்துக்குங்க."

"பொறுத்துக்கிட்டோம்," என்றார்கள் எல்லோரும். நானும் சொன்னேன். பக்கத்தில் ஃபரீஹாவைப் பார்த்தேன். அவள் உதடு அசையவில்லை.

வீட்டுக்கு வந்து குளித்தோம். நெத்திலியை அப்படியே போட்டுவிட்டுப் போயிருந்தேன், உசேன் அதை ஆய்ந்து மசாலா தடவி வைத்திருந்தார். எனக்கு அழுகை வந்தது, மீனுக்காக என்று அவர் நினைத்திருப்பார். ஃபரீஹா கொல்லைப் படியில் உட்கார்ந்திருந்தாள்.

"நான் பொறுத்துக்கலக்கா," என்றாள்.

"தெரியும்."

"அது எனக்கும் அவளுக்கும் உள்ளது. நாளைக்கு அல்லா முன்னாடி நின்னு கேப்பேன். ஜைபு மாமி எதுக்கு நடுவுல?"

"பொய் சொன்னியே," என்றேன்.

"நீயும்தான்."

பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொன்னார்கள். ஃபரீஹா ஒளு செய்யக் குழாயடிக்குப் போனாள். வெகுநேரம் தண்ணீர் சத்தம் நிற்கவில்லை. என்ன செய்கிறாள் என்று எட்டிப் பார்த்தேன். குளித்தும் போகாமல் கட்டைவிரல் நகத்துக்கடியில் சிவப்புச் சிவப்பாக ஒட்டியிருந்தது. ஓடுகிற தண்ணீரில் கையைக் காட்டிக்கொண்டு, ஊக்கின் முனையால் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் சபுராவின் விரலை எப்படிப் பிடித்திருந்தாளோ, அப்படியே தன் விரலைப் பிடித்திருந்தாள், கீறிவிடாமல்.