இல்யாஸின் நீரூற்று வாசலைத் தாண்டியது

ஜூன் 12, வியாழன். நேற்றைய குறிப்பில் ஒரு சிறு பிழை. இல்யாஸின் நீரூற்று, பூங்காவை விட்டு வெளியேறும் வழியாக வந்தது என்று எழுதியிருந்தேன். அது நுழைவு வழியாகத்தான் வெளியே வந்தது; சீட்டுக் கேட்கும் சுழல்கதவைப் பெயர்த்துத் தள்ளிவிட்டு வந்தது. மற்றபடி எழுதியது சரியென்றே நினைக்கிறேன்.

கெக்லிக் மலையில் காட்டுத்தீ பிடித்த வருடம், தீயணைப்பவர்களுக்குத் தண்ணீர் சுமந்து போய்த் திரும்பி வராதவன் இல்யாஸ். அவன் தாய் நஸிஃபே தன் ஆலிவ் மரங்களை விற்று, அவன் விழுந்த இடத்துக்குப் பக்கத்தில், கடலைப் பார்த்த சரிவில், பழைய ஊற்றுக்கு ஆள் உயரக் கல்சுவரும் குழாயும் தொட்டியும் கட்டினாள். எங்கள் வழக்கப்படி, அங்கே குடிக்கிறவர் வாயைத் துடைக்கும் முன் இறந்தவன் பெயரைச் சொல்லி அவன் ஆன்மாவுக்காக வேண்டிக்கொள்ள வேண்டும். ஆடு மேய்ப்பவர்கள் வேண்டினார்கள். மலையேற வந்த ஜெர்மன்காரர்கள்கூடக் கல்லிலிருந்த பெயரைத் தப்பும் தவறுமாகப் படித்தார்கள். பிறகு மலை இயற்கைப் பூங்காவானது; வாசலும் கடையும் குத்தகைக்குப் போயின. குத்தகைக்காரர் தெவ்ஃபிக் செய்த முதல் வேலை, குழாயை மரக்கட்டையால் அடைத்து 'குடிக்கத் தகுதியற்றது' என்று பலகை மாட்டியது. ஊரே குடித்து வளர்ந்த தண்ணீர் அது. இரண்டாவது வேலை, எதிரிலேயே பாட்டில் தண்ணீர் விற்றது. இரண்டு கோடைகள் அந்த மலையில் ஒருவர் வாயிலும் இல்யாஸின் பெயர் வரவில்லை.

நஸிஃபே கேட்கப் போனாள். சீட்டுக் கொடுக்கும் ருஸ்தம் அவளுக்குத் தூரத்து உறவு.

"நீங்களும் சீட்டு வாங்கணும் அத்தை. என் கையில ஒண்ணுமில்ல."

"எம்புள்ள பேர்ல நான் கட்டுனதைப் பார்க்க எனக்கே சீட்டா? அவன் தீக்குள்ள போனப்ப எவன்டா சீட்டுக் கிழிச்சான்?"

தெவ்ஃபிக் எட்டிப் பார்த்தார். "சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்மா. வேணும்னா ஒரு பாட்டில் இனாமா குடிச்சிட்டுப் போங்க."

"அதுல உன் மூஞ்சியைக் கழுவு. ஒரு பாட்டில் பத்தாது."

பிறகு அவள் வேலியைப் பிடித்துக்கொண்டு மலையைப் பார்த்துச் சொன்னாள். "இல்யாஸ், இங்க உன்னை மதிக்க ஆளில்ல. கிளம்பி வாடா."

நீரூற்று கிளம்பியது. குளிர்காலமும் வசந்தமும் முழுக்கப் பைன் மரங்களுக்கிடையே, தொட்டி முன்னால் போக, மெதுவாக இறங்கியது. மண்ணுக்கடியில் ஊற்றும் கூடவே வந்தது. தெவ்ஃபிக் அதைச் சங்கிலியால் ஒரு பைன் மரத்தில் கட்டினார். மரமும் பாதை வளைவுவரை கூடவே வந்துவிட்டு, அங்கே நிழல் போதாது என்பதால் நின்றுகொண்டது. பூங்காவிலிருந்து எந்தப் பொருளையும் வெளியே எடுத்துச் செல்லக் கூடாது என்ற விதியின்படி நஸிஃபேக்கு அபராதம் போட ஓர் அதிகாரி வந்தார்.

"நானா தூக்கிட்டு வர்றேன்? என் முதுகைப் பாருங்க ஐயா," என்றாள். அவர் கல்லைப் பார்த்தார், முதுகைப் பார்த்தார், பேனாவை மூடிக்கொண்டு போய்விட்டார். அந்தப் பலகையை மாட்டியவருக்கு அபராதம் போட மட்டும் இன்றுவரை யாரும் வரவில்லை.

நேற்று நீரூற்று வாசலைத் தாண்டி மினிபஸ் நிறுத்தத்தருகே நின்றது. நின்றதும் மரக்கட்டை தெறித்தது. ஓட்டுநர்கள் உடனே தர்பூசணியைத் தொட்டியில் போட்டுக் குளிரவைத்தார்கள். முதலில் குடித்தது ருஸ்தம், சீருடையோடு. வாயைத் துடைக்காமல், "இல்யாஸோட ஆன்மா நிம்மதியா இருக்கட்டும்," என்று முணுமுணுத்தான்.

"சத்தமாச் சொல்லுப்பா. கடைக்காரனுக்குக் கேக்கல," என்றாள் நஸிஃபே.

சத்தமாகச் சொன்னான். வரிசையில் நின்றவர்களும் சொன்னார்கள்.

நாளை காலை வேலை: சாலையோரம் சரிவாக இருப்பதால் தொட்டி இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. தட்டைக் கல் கொண்டுபோய் அடியில் முட்டுக் கொடுக்க வேண்டும்.